வெள்ளிக்கிழமை மணி

அந்தப் பிள்ளையை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அது வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வரிசை என்றால் அது மட்டும்தான். முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை. சத்துணவுக் கூடத்தின் கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு ஒரு முழம் தள்ளி, தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது. மணி பன்னிரண்டரை. நான்தான் அடித்தேன். அடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உட்காருங்கள் டீச்சர். அந்த நாற்காலியில் வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்காருங்கள். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகளை இரண்டரைக்கே அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. இந்தப் பக்கமாகத்தான் கத்திக்கொண்டு ஓடினார்கள். இந்த ஆரஞ்சுப் பையெல்லாம் எதற்கு? இருக்கட்டும், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். டீக்கடை முத்திருளாண்டி. "கோட்டைச்சாமி பெரியவர்ட்டக் கேளுங்க டீச்சர், முந்தி அவருதான் அடிச்சுக்கிட்டிருந்தாரு" என்று சொல்லியிருப்பான். அவன் அவ்வளவுதான் சொல்வான். அதற்கு மேல் இந்த ஊரில் எவனும் சொல்லமாட்டான்.

நீங்கள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. மதுரையில் கைக்குழந்தை. மாமியாருக்கு முழங்கால் வலி. வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்துவிடுவேன், குழந்தை நடக்கிற மட்டும்தான், வெள்ளியும் திங்களும் மணியை மட்டும் நீங்கள் அடித்துவிடுங்கள் என்கிறீர்கள். நல்லபடியாகத்தான் கேட்டீர்கள். தனக்கோடி சாரும் நல்லபடியாகத்தான் கேட்டார்.

தனக்கோடி சார் இங்கே பெரிய வாத்தியாராக இருந்தவர். உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னால். கூட ஒரு டீச்சர் பெயர் இருந்தது, பெயர்தான் இருந்தது, ஆள் வேறு எங்கோ வேலை பார்த்தது. ஆக இவர் ஒருவர்தான். வந்த புதிதில் ஐந்து நாளும் பள்ளிக்கூடம் நடந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் வெள்ளிக்கிழமை அரை நாள். அப்புறம் வெள்ளிக்கிழமையே இல்லை. அப்புறம் திங்கட்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு வந்தார். மத்தியானம் வந்து என்ன செய்ய என்று அதுவும் இல்லை. செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள். வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் உண்டான வருகையை வியாழக்கிழமை சாயங்காலமே பதிவேட்டில் போட்டு வைத்துவிட்டுப் பஸ் ஏறுவார். முத்து முத்தான கையெழுத்து.

ஊரில் எவனாவது கேட்டானா? கேட்கவில்லை டீச்சர். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஆடு பத்தும், தம்பி தங்கச்சியைத் தூக்கி வைத்திருக்கும். நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தார்கள். அதிகாரி வந்தால் வியாழக்கிழமைக்குள் வந்துபோகச் சொல்லி யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள் போல. வெள்ளிக்கிழமை ஒரு ஜீப்பும் இந்த ரோட்டில் வந்ததில்லை.

ஆனால் மணி நின்றது பாருங்கள், அதற்கு ஊரே கூடிவிட்டது.

இந்த ஊரில் அந்த மணிக்குத்தான் வேலை நடக்கும். பள்ளிக்கூட வேம்பில் தொங்குகிற தண்டவாளத் துண்டு, அதை அடித்தால் இரண்டு மைல் கேட்கும். ஒன்பதரை அடித்தால் களையெடுக்கிற பெண்கள் புஞ்சையில் இறங்குவார்கள். பன்னிரண்டரை அடித்தால் வரப்பில் ஏறிக் கஞ்சி குடிப்பார்கள். நாலு பத்து அடித்தால் முந்தானையை உதறிக்கொண்டு வீட்டைப் பார்க்க வந்துவிடுவார்கள். புஞ்சைக்காரன் ஒரு வார்த்தை பேச முடியாது. மணி அடித்தாயிற்று, அவ்வளவுதான். இரண்டு நாள் மணி இல்லை என்றதும் அவன் பொழுது அடைகிற மட்டும் குனியவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்துப் பன்னிரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். சார் பயந்துவிட்டார். பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். சிகப்பி என்று ஒருத்தி, வாய் பெரிசு, அவள்தான் பேசினாள்.

"சாரு, நீங்க வாங்க, வராமப் போங்க. அது உங்க பாடு. நாங்க அதைக் கேக்க வரல. மணியை மட்டும் யாரையாவது வச்சு அடிக்கச் சொல்லுங்க. நாலு மணிக்கு விட வேண்டிய ஆளை ஆறு மணிக்கு விடுறான், கேட்டா மணி அடிச்சுச்சா, நீ கேட்டியாங்கிறான்."

சார் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது வேலியோரம்தான் நின்றேன். "இவ்வளவுதானாம்மா?" என்றார்.

மறுநாள் இதே கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நேரம் பார்க்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நீங்கதான். பேப்பர் படிக்கிற ஆளு. உங்களை விட்டா நான் யாரை நம்பிப் பள்ளிக்கூடத்தைக் குடுக்க?" என்றார்.

பள்ளிக்கூடத்தைக் கொடுக்க என்றார் டீச்சர். மணியை என்று சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவன் இல்லை. எட்டு வயதில் பரமக்குடியில் ஒரு மளிகைக் கடையில் விட்டார்கள். பொட்டலம் கட்டுகிற பேப்பரைப் பார்த்துப் பார்த்து நானாகவே எழுத்துக் கூட்டினேன். எவரும் சொல்லித் தரவில்லை. கடிகாரமும் அப்படித்தான், கடைச் சுவரில் பார்த்துப் படித்தது. இந்த ஊரில் மனு எழுத வேண்டுமா, காகிதம் வந்தால் வாசிக்க வேண்டுமா, என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவனிடம் ஒரு பெரிய வாத்தியார் வந்து கேட்கிறார். நான் சரி என்றேன். கூலி வாங்கவில்லை. இந்தக் கைக்கடிகாரத்தை அவர்தான் கொடுத்தார். இது கூலி இல்லை, அன்பளிப்பு. பார்த்தீர்களா, இன்றைக்கு வரை ஒரு நிமிடம் பிந்தியதில்லை. பேட்டரி மட்டும் மாற்றுவேன்.

அடிக்கிற இரும்பை எனக்கே கொடுத்துவிட்டார். வண்டி அச்சு உடைந்ததில் ஒரு துண்டு. ஒரு முழம் இருக்கும். அதோ அந்த மாடத்தில்தான் வைத்திருப்பேன், மற்ற மூன்று நாளும் பிள்ளைகள் வந்து வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுப்பார்கள். வெள்ளியும் திங்களும் நான் மூன்று வேளையும் அடித்தேன். மழை பெய்தாலும் சாக்கைப் போட்டுக்கொண்டு போய் அடிப்பேன். ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. சிகப்பி ஒரு நாள் வழியில் நிறுத்தி, "அந்தச் சாரு அடிக்கிறதை விட நீங்க அடிக்கிறதுதான் கணீர்னு இருக்கு" என்றாள். இருக்கும். நான் கவனமாக அடிப்பேன்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. செவ்வாய், புதன், வியாழன் அடித்தால் பள்ளிக்கூட மணி. வெள்ளி, திங்கள் அடித்தால் கொல்லை மணி. ஒரே இரும்பு, ஒரே சத்தம். ஆனால் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வராது. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் வீட்டுக்காரிக்கும் வசதியாக இருந்தது. பூமயில் சத்துணவில் சமையல் ஆயாவாக இருந்தாள். மூன்று நாள் அங்கே சோறு பொங்குவாள், மற்ற இரண்டு நாள் களையெடுக்கப் போவாள். நான் அடிக்கிற மணிக்குத்தான் அவளும் வரப்பில் ஏறுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

இதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு யார் சொல்வது?

ஐப்பசி கடைசி. நல்ல மழை, ஊருணி நிறைந்து படிக்கட்டில் மேல் நாலு படிதான் தெரிந்தது. அந்த வாரம்தான் கருவேல விறகை மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டக்காரர்கள் வந்தார்கள். மழைக்காலத்தில் கரி மூட்டம் போடுகிறவனை நான் பார்த்ததே இல்லை, வெறகை வெட்டி அடுக்கவாவது செய்யட்டும் என்று அந்தக் காண்ட்ராக்டர் கொண்டுவந்து தள்ளியிருக்கிறான். மனுசனா அவன். கருவேலங்காட்டுக்குள் தார்ப்பாயைக் கட்டி ஐந்து குடும்பம். அதில் ராக்கு என்று ஒருத்தி, தன் மகளைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கூட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விட்டாள். வந்த மறுநாளே டீச்சர். மற்ற நாலு குடும்பமும் விடவில்லை.

பிள்ளை பெயர் முனீஸ்வரி. ஏழு வயது இருக்கும். சார் சந்தோசமாகப் பெயரைச் சேர்த்துக்கொண்டார், தலை குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களே. செவ்வாய் வந்தது, புதன் வந்தது, வியாழன் வந்தது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் ஒன்பதரைக்கு மணி அடித்தேன். காட்டுக்குள் மணி கேட்டிருக்கிறது. ஆத்தாள் தலையைச் சீவி அனுப்பிவிட்டாள்.

அது வந்து சேர்ந்தபோது நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். பையில் சிலேட்டு, கையில் தட்டு. பள்ளிக்கூட நடையில் உட்கார்ந்தது.

"இன்னிக்கிப் பள்ளிக்கூடம் இல்ல தாயி, வீட்டுக்குப் போ" என்றேன். சொன்னேன் டீச்சர். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, நான் சொன்னேன்.

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. "மணி அடிச்சுச்சுல்ல?" என்றது.

வெளி ஆட்களிடம் விவரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சார் சொல்லியிருந்தார். இரும்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"இன்னிக்கி வெள்ளிக்கெழமல்ல தாத்தா. கெழங்கு போடுவாகல்ல?"

முன்னால் படித்த ஊரில் வெள்ளிக்கிழமை சத்துணவில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அதுதான் கணக்கு. இங்கே பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக் கிழங்கைக் கண்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. அந்தக் கிழங்கு யார் வீட்டுக் குழம்பில் கிடந்தது என்று நான் சொல்லவேண்டாம். த்தூ.

நான் வந்துவிட்டேன். பன்னிரண்டரைக்குப் போனபோது அது அதே நடையில் அதே இடத்தில் இருந்தது. சிலேட்டில் என்னவோ எழுதியிருந்தது, நான் பார்க்கவில்லை. மணி அடித்தேன். அடித்த உடனே எழுந்து, தட்டைப் பாவாடையில் துடைத்து, கூடத்துக்கு முன்னால் போய் நின்றது. நான் சொன்னேனே, அந்த வரிசை.

வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு வாய் கஞ்சி ஊற்றியிருக்கலாமே என்பீர்கள். பொம்பளை இல்லாத வீட்டில், அறியாத ஊர்ப் பெண்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கஞ்சியும் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. நான் குடித்துவிட்டுச் சற்றுத் தலைசாய்த்தேன். நாலு பத்துக்குச் சரியாகப் போய் அடித்தேன். அப்போது அங்கே யாரும் இல்லை. போய்விட்டது என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த நாலு பத்து மணியைக் கேட்டுத்தான் ஆத்தாள் காட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக வெறகு அடுக்கியிருக்கிறாள். மணிதான் அடிக்கிறதே. ஐந்து மணிக்கு ஊருக்குள் வந்தாள். "மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு, எம்புள்ள இன்னும் வரலயே." வீடு வீடாக அதையே கேட்டாள். இந்த வாசலிலும் நின்று கேட்டாள்.

ஊருணிப் படியில் பை இருந்தது. தட்டு தண்ணீரில் மிதந்துகொண்டு கரைக்கு வருவதும் போவதுமாக இருந்தது. பசிக்குத் தண்ணீர் மொண்டு குடிக்க இறங்கியிருக்கும். பாசி. அப்பன்காரன்தான் குதித்துத் தூக்கினான். வெளிச்சம் இருக்கும்போதே தூக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் சார் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வந்தவர் பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை டீச்சர். பீரோவைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தார். முனீஸ்வரி, வெள்ளி, காலை வந்தது, மதியம் வந்தது. வியாழக்கிழமையே போட்டது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது. அதைக் கண்ணால் கண்டேன். மனுசனை வெறுக்க அந்த ஒரு முகம் போதும்.

திங்கட்கிழமை விசாரணைக்கு அதிகாரி வந்தார். திங்கட்கிழமை ஒரு ஜீப் வந்தது அன்றைக்குத்தான். வேம்புக்கடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் நடந்ததா என்று அந்த ஆள் ஒருவரையும் கேட்கவில்லை. எப்படிக் கேட்டார் தெரியுமா? "வெள்ளிக்கிழமை மணி அடிச்சுதா?" அடிச்சுச்சு என்றாள் சிகப்பி. அடிச்சுச்சு என்றான் முத்திருளாண்டி. ஊரே அடிச்சுச்சு என்றது. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கேவலம். என்னையும் கேட்டார்.

"அடிச்சுது சார். ஒம்பதரை, பன்னெண்டரை, நாலு பத்து" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"கரெக்டா சொல்றாரே" என்று எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்துச் சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்கள். மற்றவர்கள் கைநாட்டு. நான் வாங்கி முழுக்கப் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை நான், அது என் பழக்கம். 'மதிய உணவு உண்ட பின் தட்டுக் கழுவச் சென்ற இடத்தில் தவறி விழுந்து' என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். சார் என் பக்கத்தில்தான் நின்றார், அவர் மூச்சு என் தோளில் பட்டது. கையெழுத்துப் போட்டேன். க. கோட்டைச்சாமி. தெளிவாக இருக்கும், இப்போது எடுத்துப் பார்த்தாலும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் பூமயில் கேட்டாள், "என்ன எழுதியிருந்துச்சு?" அவளுக்கு எழுத்துத் தெரியாது. எது வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல். அப்படியே சொன்னேன்.

"உண்டபின்னா?" என்றாள்.

"சாப்பிட்டப்புறம்."

"யாரு பொங்கிப் போட்டா?"

அதைக் கேட்டவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் சத்துணவுக் கூடத்துக்குப் போகவில்லை. யார் யாரோ வந்து கூப்பிட்டார்கள். வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

கரிமூட்டக்காரர்களைக் காண்ட்ராக்டர் புதன்கிழமையே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். விருதுநகர்ப் பக்கம் என்றார்கள். ராக்கு லாரி மேலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தன் பிள்ளை கடைசியாகச் சோறு தின்ற இடம் என்று கும்பிட்டாள். இந்த ஊர் அதை நின்று பார்த்தது.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை. சரியாக எட்டாம் நாள். காலையில் சிகப்பியும் நாலைந்து பெண்களும் களைக்கொட்டோடு இந்த வாசலில் வந்து நிற்கிறார்கள்.

"திங்கக்கெழமையும் அடிக்கல. இன்னிக்காவது அடிப்பீகளா, மாட்டீகளா? அவன் நேரத்தைச் சொல்லி உசிரை எடுக்குறான்."

எட்டு நாள் டீச்சர். எட்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. பிள்ளை பெற்ற பொம்பளைகள். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது இருபத்திரண்டு. போக நாலு நிமிடம் ஆகும். எழுந்து மாடத்தில் கையை விட்டேன். இரும்பு இல்லை.

பூமயில் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "ஊருணில கெடக்கு."

"என்னத்துக்குடி?"

அப்போதுதான் திரும்பினாள். "அன்னிக்கிப் பன்னெண்டரைக்கு நீங்க அடிச்சீக. நான் வரப்புல உக்காந்து கஞ்சி குடிச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான். பெண்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். சிகப்பி களைக்கொட்டைக் கை மாற்றினாள். ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் பூமயில் நாலு வருசம் இருந்தாள். சமைத்துப் போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் சாப்பிடமாட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விரதம் என்று நினைத்துக்கொண்டேன்.

தனக்கோடி சாருக்கு அந்த வருசமே மாறுதல் கிடைத்தது. வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் என்றார்கள். அப்படித்தான் நடக்கும். இங்கே ஆறு மாதம் ஐந்து நாளும் பள்ளிக்கூடம் நடந்தது. அப்புறம் நாலாயிற்று. இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. பையை மறந்துவிடாதீர்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை டீச்சர், நேரம் பார்க்க என்னை விட்டால் இன்றைக்கும் இந்த ஊரில் ஆளில்லை. தண்டவாளத் துண்டும் வேம்பில்தான் தொங்குகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். செவ்வாய், புதன், வியாழனுக்குப் பிள்ளைகள் ஒரு கல்லை எடுத்துத் தட்டுகிறார்கள். அது பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டிக் கேட்காது.

இரும்பு ஊருணியில் இருக்கிறது. சித்திரையில் தண்ணீர் வற்றினால் நடுவில் தெரியும், படியிலிருந்து பத்தடி, ஒரு முனை மண்ணுக்குள். பழைய இரும்புக்காரன் வருசம் தவறாமல் வருகிறான். இதுவரைக்கும் யாரும் இறங்கி எடுக்கவில்லை.